மதிலைத் தாண்டும் தரவு: தனியுரிமைச் சட்டமும் சந்தைப் போட்டியும்



2018 மே 25, வெள்ளிக்கிழமை. அன்று பாரிசிலோ பெர்லினிலோ இருந்த ஒருவர் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ நாளிதழின் இணையதளத்தைத் திறந்திருந்தால் செய்தி எதுவும் வந்திருக்காது. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் இத்தளம் இப்போதைக்குக் கிடைக்காது என்ற அறிவிப்புதான் வந்திருக்கும். ‘சிகாகோ டிரிப்யூன்’ தளத்திலும் அதே கதை. தணிக்கை எதுவும் நடந்துவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, சுருக்கமாக ஜி.டி.பி.ஆர்., அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. கடுமையான மீறலுக்கு 2 கோடி யூரோ, அல்லது நிறுவனத்தின் உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். ஐரோப்பிய வாசகரால் கிடைக்கும் விளம்பர வருமானம் அந்த ஆபத்துக்கு ஈடாகாது என்று பத்திரிகை உரிமையாளர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டார்கள். கூகுள் சாத்தவில்லை, ஃபேஸ்புக்கும் சாத்தவில்லை.

சாத்தியவருக்கும் சாத்தாதவருக்கும் என்ன வேறுபாடு என்பதே இன்றைய உரையின் பொருள். தனியுரிமைச் சட்டம் வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இனி நான் அடுக்கப்போகும் சான்றுகளில் பல, அந்தச் சட்டமே கூடாது என்பவர்கள் விரும்பி எடுத்தாளும் சான்றுகள்.

பொருளியலாளர்கள் தனியுரிமையை நெடுங்காலம் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் சிகாகோ மரபைச் சேர்ந்த ரிச்சர்ட் போஸ்னரும் ஜார்ஜ் ஸ்டிக்லரும் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் வாதத்தின் சாரம் எளிது. ஒருவர் தன்னைப் பற்றிய தகவலை மறைக்கிறார் என்றால், அது பெரும்பாலும் அவருக்குப் பாதகமான தகவலாக இருக்கும். வாங்கிய கடனைத் திருப்பாதவர் அதை மறைக்க முடிந்தால், ஒழுங்காகத் திருப்புகிறவரின் தலையில் அந்த வட்டியும் சேர்ந்து விழும். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் கடன் தகவல் நிறுவனமான சிபில் தொடங்கப்பட்டதற்குப் பின்னால் இருந்த நியாயமும் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் போஸ்னர் மனத்தில் வைத்திருந்தது இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேரம் பேசும் சந்தை. இன்றைய தரவுச் சந்தையில் நான் கொடுத்த தகவல், நான் பெயர்கூடக் கேள்விப்படாத மூன்றாவது, நான்காவது நிறுவனத்துக்குப் போகிறது. அதோடு, என் தகவல் என்னை மட்டும் காட்டிக்கொடுப்பதில்லை. என் தெருவில் வசிக்கிற, என் வயதுள்ள, என்னைப் போல மருந்து வாங்குகிற இன்னொருவரைப் பற்றியும் அது ஊகத்துக்கு இடம் தருகிறது. டாரன் அசெமோக்லுவும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்தப் புறவிளைவைக் கணித மாதிரியாகவே எழுதிக் காட்டியிருக்கிறார்கள்: பிறர் கொடுத்த தரவிலிருந்தே என்னைப் பாதி அறிந்துகொள்ள முடியும் என்றால், மீதிப் பாதிக்கு எனக்குக் கிடைக்கும் விலை விழுந்துவிடும், நானும் போனால் போகிறதென்று கொடுத்துவிடுவேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்த ஒரு சோதனையில், நண்பர்களின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டபோது தயங்கக்கூடிய மாணவர்கள், ஒரு பீட்சா தருவதாகச் சொன்னதும் கொடுத்துவிட்டார்கள். மாணவர்களைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. போனது நண்பர்களின் முகவரி, கிடைத்தது தனக்கொரு பீட்சா. இந்தப் பேரத்தில் நண்பர்கள் எங்கே இருந்தார்கள்?

ஆகவே சட்டம் தலையிட வேண்டிய காரணம் உண்டு. எங்கே தலையிடுகிறது என்பதில்தான் சிக்கல்.

ஒரு நாளிதழின் தளத்தை நீங்கள் திறக்கிறீர்கள். பக்கம் முழுதாக வருவதற்குள், அதில் காலியாக இருக்கும் விளம்பர இடம் ஏலத்துக்குப் போகிறது. ஏலத்தை நடத்துகிறவர் ஒருவர், கேட்கிறவர்கள் பலர், உங்கள் உலாவியில் இருக்கும் குக்கீயைப் படித்து நீங்கள் யார் என்று சொல்கிறவர் வேறொருவர், விளம்பரம் பார்க்கப்பட்டதா என்று அளக்கிறவர் இன்னொருவர். நாளிதழ் ஒன்றுதான், அதன் பின்னால் டஜன் கணக்கில் சிறு தொழில்நுட்ப நிறுவனங்கள். தரவு ஒரு நிறுவனத்திலிருந்து அடுத்த நிறுவனத்துக்குத் தாண்டிக்கொண்டே போகிறது. இப்போது கூகுளை எடுத்துக்கொள்ளுங்கள். தேடல், யூடியூப், வரைபடம், மின்னஞ்சல், ஆண்ட்ராய்டு, விளம்பர ஏலம் எல்லாமே ஒரே வீட்டுக்குள். ஜி.டி.பி.ஆரின் கண்டிப்பு நடைமுறையில் பெரிதும் விழுந்தது தரவு நிறுவன எல்லையைத் தாண்டுகிற இடத்தில். பொதுச் சாலையில் சுங்கச்சாவடி வைத்தார்கள். பெரிய தோட்டத்து மதிலுக்குள் ஓடும் சொந்தச் சாலையில் சாவடி இல்லை. உள்நோக்கம் எதுவும் வேண்டாம், இந்த அமைப்பு ஒன்றே போதும்: சிறியவருக்குச் செலவு, பெரியவருக்குச் சேமிப்பு.

எழுத்தில் இருக்கும் சட்டம் இப்படிப் பாரபட்சம் காட்டுகிறதா என்றால், இல்லை. ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தரவை ஒத்துவராத வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தாதே என்று அதிலேயே இருக்கிறது. அது மதிலுக்கு உள்ளேயும் செல்லும் விதிதான். ஆனால் எல்லை தாண்டும் தரவைக் கண்காணிப்பது எளிது. யார் வேண்டுமானாலும் ஒரு தளத்தைத் திறந்து எத்தனை குக்கீகள் விழுகின்றன என்று எண்ணிவிடலாம். உள்ளே நடப்பதை எண்ண, உள்ளே போக வேண்டும்.

சான்றுக்கு வருகிறேன். காரெட் ஜான்சன், ஸ்காட் ஷ்ரைவர், சாமுவேல் கோல்ட்பெர்க் ஆகிய மூவரும் உலகின் முன்னணித் தளங்களில் 27,000க்கும் மேற்பட்டவற்றை எடுத்துக்கொண்டு, அவை எந்தெந்த வெளி நிறுவனங்களின் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகின்றன என்று சட்டத்துக்கு முன்னும் பின்னும் பார்த்தார்கள். சட்டம் வந்த ஒரே வாரத்தில், ஐரோப்பியப் பயனர்கள் விஷயத்தில் அந்தப் பயன்பாடு 15 விழுக்காடு குறைந்தது. தனியுரிமைக்கு இது வெற்றி. அதே வாரத்தில் அந்தச் சந்தையின் செறிவு 17 விழுக்காடு கூடியது. தளங்கள் கைவிட்டது பெரும்பாலும் சிறியவர்களை, வைத்துக்கொண்டது பெரியவர்களை, கூகுள், ஃபேஸ்புக் சார்ந்தவர்களின் பங்கு ஒப்பீட்டளவில் உயர்ந்தது. இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை. 2018 இறுதிக்குள் மொத்தப் போக்கு பழைய நிலைக்கே திரும்பிவிட்டது, கட்டுப்பாட்டாளர்கள் அதிகம் உற்றுப்பார்த்த விளம்பரத் தொழில்நுட்பத்தில் மட்டும் விளைவு நீடித்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். செறிவு கூடியதற்குக் காரணம் ஒப்புதல் கேட்கும் அறிவிப்புப் பெட்டிகள் அல்ல என்றும் கண்டார்கள்.

அந்தக் கடைசிக் குறிப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. பயனர் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்துவதற்கு முன்பே சிறியவர் வெளியேறிவிட்டார். வெளியேற்றியது தளத்தின் உரிமையாளருடைய பயம். யாரோ ஒரு சிறு நிறுவனத்தின் நிரலை என் தளத்தில் வைத்து, அவர்கள் தவறு செய்தால் நானும் அல்லவா பதில் சொல்ல வேண்டும்? பயம் வீண் பயமும் அல்ல. ஒரு தளத்தில் ஃபேஸ்புக்கின் ‘லைக்’ பொத்தானைப் பதித்தாலே, தரவைத் திரட்டி அனுப்பும் அந்த அளவுக்குத் தள உரிமையாளரும் கூட்டுப் பொறுப்பாளர் ஆகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஜூலையில் ‘ஃபேஷன் ஐடி’ வழக்கில் சொல்லிவிட்டது. பொறுப்பு இப்படிப் பரவும்போது, பெரிய சட்டத்துறை வைத்திருப்பவர் பக்கம் சாய்வதே விவேகம் என்று எவரும் நினைப்பார்கள்.

நுகர்வோர் பக்கம் பாருங்கள். கைபேசிச் செயலிகள் பற்றி ரெபெக்கா யான்சன், கெஸ்லர், கும்மர், வால்ட்ஃபோகல் நால்வரும் செய்த ஆய்வு 2022இல் வந்தது. கூகுள் பிளே ஸ்டோரில் 2016 முதல் 2019 வரை இருந்த 41 லட்சம் செயலிகளை அவர்கள் பார்த்தார்கள். ஜி.டி.பி.ஆர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செயலிகளை வெளியேற்றியது. புதிதாக வருவது பாதியாகக் குறைந்தது.

வெளியேறியவற்றுக்காக நான் கண்ணீர் விட மாட்டேன். கைவிளக்காகப் பயன்படும் ஒரு செயலி, பயனர் எங்கே இருக்கிறார் என்பதை விளம்பர வலைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2013இல் கண்டுபிடித்தது. டார்ச் அடிக்க அட்சரேகை எதற்கு? அப்படிப்பட்டவை போனால் போகட்டும். என் கவலை, வராமலே போனவை பற்றியது. எந்தச் செயலி வெல்லும் என்பது அதை எழுதுகிறவருக்கே முன்கூட்டித் தெரியாது. ஆயிரம் பேர் முயன்றால்தான் பத்து தேறும். முயல்கிறவர்கள் ஐநூறாகக் குறைந்தால், தேறியிருக்க வேண்டிய பத்தில் சிலவும் அதோடு போகும். இது எந்தப் புகார்ப் பெட்டியிலும் பதிவாகாத இழப்பு. பிறக்காத செயலிக்காக மனுப் போட ஆள் கிடையாது. நுகர்வோர் நலன் நீண்ட கால அளவில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று அந்த ஆய்வின் மாதிரி மதிப்பிடுகிறது. அந்த எண்ணை நான் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்க்கிறேன். பயன்பாட்டின் இழப்பை அது அளக்கிறது. கண்காணிக்கப்படாமல் இருந்ததன் பயனை அளக்க அதில் தராசு இல்லை.

இன்னொரு ஆய்வு இதைவிட விசித்திரமானது. கை அரிடோர், யோன்-கூ சே, டோபியாஸ் சால்ஸ் ஆகியோர் இணையவழிப் பயணத் துறையின் தரவை ஆராய்ந்தார்கள். சட்டத்துக்குப் பிறகு, இடைநிலை நிறுவனத்தின் கண்ணில் பட்ட நுகர்வோர் எண்ணிக்கை ஏறக்குறைய 12.5 விழுக்காடு குறைந்தது. விளம்பர வருமானமும் அதே விகிதத்தில் விழும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் எஞ்சியிருந்தவர்களின் சராசரி மதிப்பு உயர்ந்து, இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிட்டது. எப்படி? தனியுரிமையில் அக்கறை உள்ளவர்கள் சட்டத்துக்கு முன்பும் சும்மா இருக்கவில்லை. குக்கீகளை அடிக்கடி அழித்தார்கள், மறைமுகச் சாளரத்தில் உலாவினார்கள். அதனால் ஒரே ஆள் பத்து வேறு ஆள்களாகத் தெரிந்தார். ஒவ்வொரு ‘ஆளும்’ ஒருமுறை வந்து காணாமல் போனார். நிறுவனத்தின் கணிப்பு குழம்பியது. சட்டம் வந்ததும் அவர்கள் ஒரே சொடுக்கில் கௌரவமாக விலகிக்கொண்டார்கள். குழப்பமும் அவர்களோடு போயிற்று. தங்கியவர்களின் தடம் நீளமாக, தெளிவாகத் தெரியத் தொடங்கியது. விலகியவர் தன்னைக் காத்துக்கொண்டபோது, ‘ஏற்கிறேன்’ என்றவரை மறைத்துவைத்திருந்த கூட்டம் கலைந்துவிட்டது.

இதனால் தங்கியவருக்குக் கேடு என்று சொல்லவில்லை. அவருக்குப் பொருத்தமான விளம்பரம் வந்திருக்கலாம். தனித்தனி ஒப்புதல் என்று நாம் நினைப்பது தனித்தனியாக நிற்பதில்லை என்பதைத்தான் சுட்டுகிறேன்.

மதிலுக்குள் தரவு இருந்தால் இலாபம் என்றாகிவிட்டால், அடுத்த கட்டம் மதிலை விரிப்பது. 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்கியது. இரண்டு சேவைகளின் பயனர் கணக்குகளையும் தானாக இணைப்பது நம்பகமாக இயலாது என்று ஐரோப்பிய ஆணையத்திடம் சொல்லி அனுமதி பெற்றார்கள். 2016 ஆகஸ்டில் இணைக்கும் ஏற்பாடு வந்தது. தவறான தகவல் தந்ததற்காக 2017 மேயில் 11 கோடி யூரோ அபராதம். வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் அதை ஆவணச் செலவு என்று எழுதிக்கொள்ளலாம்.

அரசுகள் மட்டும்தான் தனியுரிமை விதி போடுகின்றன என்றும் இல்லை. 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐபோனில் ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கியது: பிற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர இந்தச் செயலியை அனுமதிக்கிறீர்களா? அந்த ஒரு கேள்வியால் 2022இல் தன் வருமானம் சுமார் 1,000 கோடி டாலர் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே முதலீட்டாளர்களிடம் சொன்னது. எந்த நாட்டின் சட்டமும் மெட்டாவிடம் அவ்வளவு பெரிய தொகையைத் தொட்டதில்லை. மெட்டாவுக்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் பிற செயலிகள் இரண்டு முறை ஒப்புதல் கேட்கும்படியான நிலை, ஆப்பிளின் சொந்த விளம்பரத்துக்கு அந்தப் பாடு இல்லை. 2025 மார்ச்சில் பிரான்சின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 15 கோடி யூரோ அபராதம் விதித்தது. தனியுரிமையைக் காப்பது குற்றம் என்று அது சொல்லவில்லை. காத்த விதம் தேவைக்கு மேல் சிறிய செயலிகளை நசுக்கியது என்றது.

மதிலுக்கு உள்ளே போய்ப் பார்க்கத் துணிந்தது ஜெர்மனி. 2019 பிப்ரவரியில் அந்நாட்டுப் போட்டி ஆணையமான புண்டெஸ்கார்டெல்ஆம்ட், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், வெளித்தளங்கள் ஆகியவற்றின் தரவைப் பயனரின் சுயவிருப்பமான ஒப்புதல் இன்றி ஒரே கணக்கில் கலக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. போட்டிச் சட்டத்தைக் காட்டி, அதற்குள் தனியுரிமைச் சட்டத்தை அளவுகோலாக வைத்த உத்தரவு அது. உங்கள் வேலை போட்டியைப் பார்ப்பது, தரவுப் பாதுகாப்பில் உங்களுக்கு என்ன வேலை என்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் வழக்கு நடந்தது. 2023 ஜூலை 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது: ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதா என்று ஆராயும்போது ஜி.டி.பி.ஆர். மீறலையும் பார்க்கலாம், ஆனால் தரவுப் பாதுகாப்பு அமைப்போடு கலந்துகொண்டு செய்ய வேண்டும். இந்தப் பாதையில்தான் ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டம், பெரும் மேடைகள் தம் சேவைகளுக்கிடையே தரவைக் கலக்கவும் தனி ஒப்புதல் வேண்டும் என்று 2024 மார்ச் முதல் விதித்திருக்கிறது. தோட்டத்துக்குள்ளும் சாவடி.

இனி நம் நாடு. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. பெரும்பாலான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில், நடைமுறைக்கு வரும். ஐரோப்பிய வாடிக்கையாளரின் தரவைக் கையாளும் சென்னை, கோவை மென்பொருள் நிறுவனங்களுக்கு இந்த உலகம் புதிதல்ல; உள்ளூர்ச் சந்தையை மட்டும் நம்பியிருப்பவர்களுக்குப் புதிது.

இந்தச் சட்டத்தை ஐரோப்பாவின் நகல் என்கிறவர்கள் அதைப் படிக்கவில்லை. சில இடங்களில் அது ஐரோப்பாவின் அனுபவத்திலிருந்து கற்றிருக்கிறது. முக்கியத் தரவுப் பொறுப்பாளர் என்று அறிவிக்கப்படும் பெரியவர்களுக்கு மட்டும் தணிக்கை, தாக்க மதிப்பீடு ஆகிய கூடுதல் சுமைகள். புத்தொழில் நிறுவனங்கள் உள்ளிட்ட சிலருக்கு 17(3) பிரிவின்கீழ் மத்திய அரசு சில கடமைகளிலிருந்து விலக்கு அளிக்கலாம். அளிக்கலாம் என்பதில் ஒரு கண் வையுங்கள்: விலக்கு யாருக்கு என்பதை அரசின் அறிவிக்கை முடிவு செய்யும், அறிவிக்கைக்காக டெல்லியில் காத்திருக்கும் திறமையும் பெரியவர்களுக்கே அதிகம். சட்டத்துக்குள்ளேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைக்காக ஒப்புதல் கேட்கும்போது கைபேசியின் தொடர்புப் பட்டியலையும் சேர்த்துக் கேட்டால், பயனர் சம்மதித்தாலும் பட்டியலுக்கு அந்த ஒப்புதல் செல்லாது. நோக்கத்துக்குத் தேவையானது மட்டும் என்ற இந்தக் கோட்பாடு முறையாக அமலானால், மதிலுக்கு உள்ளேயும் அது எட்டும்.

குறைகள் இரண்டைச் சொல்கிறேன். அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். விற்றுமுதலோடு தொடர்பே இல்லை. மெட்டாவின் 2024ஆம் ஆண்டு வருவாயை வைத்துப் பார்த்தால், அது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான வருவாய். ஈரோட்டிலோ மதுரையிலோ நடக்கும் ஒரு நிறுவனத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு விழுந்தாலும் கடையை மூட வேண்டியதுதான். மீறியவரின் நிலையையும் கருத வேண்டும் என்று சட்டம், அபராதம் விதிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குச் சொல்கிறது; அது கீழே இறங்க உதவுமே தவிர மேலே ஏற உதவாது.

இரண்டாவது குறை எனக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. என் தரவை என்னுடன் எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போகும் உரிமை ஐரோப்பாவில் உண்டு. 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும் இருந்தது. 2023 சட்டத்தில் காணவில்லை. 2011 ஜனவரியில் எண்ணை மாற்றாமலே தொலைபேசி நிறுவனத்தை மாற்றும் வசதி நாடெங்கும் வந்தபோது, வாடிக்கையாளரைத் தக்கவைக்க நிறுவனங்கள் பட்ட பாடு நமக்கு நினைவிருக்கும். தனியுரிமையும் போட்டியும் ஒரே திசையில் இழுக்கும் அரிய இடம் இது. இதைத்தான் விட்டுவிட்டார்கள். 2026 நவம்பரில் பதிவு தொடங்கவிருக்கும், பயனரின் சார்பில் அவருடைய ஒப்புதல்களை நிர்வகிக்கும் ஒப்புதல் மேலாளர்கள் இந்த இடத்தை நிரப்புவார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். வங்கித் தரவுக்காக 2021 முதல் இயங்கும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறை ஒரு நல்ல முன்னுதாரணம்தான். ஆனால் அங்கே தரவைத் தரும்படி வங்கிகளுக்குப் பின்னால் ரிசர்வ் வங்கி நின்றது.

நம் வாட்ஸ்அப் வழக்கும் இந்த இடத்தில்தான் வருகிறது. 2021 ஜனவரியில் வந்த புதிய கொள்கை, ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என்றது. ஐரோப்பியப் பயனர்களுக்கு அதே நெருக்கடி இல்லை. அவர்களுக்குச் சட்டம் இருந்தது. நமக்குச் சட்டம் இல்லாததால் இந்தியப் போட்டி ஆணையம் ஆதிக்கத் தவறு என்ற வழியில் நுழைந்தது. 2024 நவம்பர் 18 அன்று 213.14 கோடி ரூபாய் அபராதமும், விளம்பரத்துக்காக மெட்டாவின் பிற நிறுவனங்களோடு தரவைப் பகிர ஐந்தாண்டுத் தடையும் விதித்தது. 2025 நவம்பர் 4 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை நிலைநிறுத்தியது, தடையை நீக்கியது. இரண்டில் எது மெட்டாவுக்கு உறைத்திருக்கும் என்று இதுவரை பேசியதை வைத்து நீங்களே முடிவு செய்யலாம். பணம் கட்டலாம். மதிலுக்குள் சாவடி வைத்தால்தான் தொழில் மாறும்.

இனி இதுபோன்ற வழக்கு வந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியமும் இருக்கும், போட்டி ஆணையமும் இருக்கும். வாரிய உறுப்பினர்களுக்கு இருக்க வேண்டிய தகுதிகளைச் சட்டம் பட்டியலிடுகிறது. தரவு நிர்வாகம், நுகர்வோர் பாதுகாப்பு, டிஜிட்டல் பொருளாதாரம், சட்டம் எல்லாம் வருகின்றன. சந்தைப் போட்டி என்ற துறை பெயர் சொல்லி வரவில்லை. ஒரு சட்டப்படியான அமைப்பு போட்டி ஆணையத்திடம் கருத்துக் கேட்கவும், ஆணையம் பிற அமைப்பிடம் கேட்கவும் போட்டிச் சட்டத்தின் 21, 21ஏ பிரிவுகள் இப்போதே இடம் தருகின்றன. ஜெர்மனி வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு சொன்ன ஒத்துழைப்பை, இங்கே முதல் வழக்கின் முதல் விசாரணையிலேயே தொடங்கச் சட்டத்திருத்தம் எதுவும் வேண்டாம். ஒரு கடிதம் போதும். அதை எழுதப்போவது வாரியமா ஆணையமா என்பது 2027 மேக்குப் பிறகு தெரிந்துவிடும்.